கடைசிக் கட்டத்தை ஜெலகாத் கேட்டு வாங்கினாள்

ஜெலகாத் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. கென்யாவில் நாண்டி மலைப்பக்கத்துப் பெண். ஜப்பானில், மியசாகி மாகாணத்தின் மேற்கு மூலையில், கோழிப்பண்ணைகளுக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வயல்களுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஊருக்கு அவளை வரவழைக்க ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அவள் ஓடுவாள்.

நெடுஞ்சாலைத் தொடர் ஓட்டம் எங்கள் ஊரில் விளையாட்டல்ல, மானப் பிரச்சினை. ஐந்து பெண்கள், ஐந்து கட்டங்கள். கையில் கோல் கிடையாது. தோளில் குறுக்காகப் போட்ட துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். மாகாணத்தில் முதலாவதாக வரும் பள்ளி கியோட்டோவில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகும். எங்கள் பள்ளி ஒரு தடவைகூடப் போனதில்லை.

பயிற்சியாளர் இவாகிரி சாருக்கு அந்த ஒரு ஆசைதான் வாழ்க்கை. கல்யாணமாகி, ஊருக்குள் சொந்த வீடு இருந்தும், எங்களோடு விடுதியிலேயே படுத்துக்கொள்வார். விடிவதற்கு முன்பே விசில் ஊதி எழுப்புவார். தினமும் காலையில் எங்களை வரிசையாக எடை மெஷினில் ஏற்றி, கூடியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிக்காட்டுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றுபவரும் அவர்தான். ஊரில் முடிவெட்டும் கடையிலும் நூடுல்ஸ் கடையிலும் அவர் படம் தொங்கியது. அவரை எதிர்த்துப் பேசலாம் என்ற நினைப்பே எங்கள் யாருக்கும் வந்ததில்லை.

நானும் அந்த அணியில் இருந்தேன். என் பெயர் தோமொயோ. ஜெலகாத்தும் நானும் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. அணித்தலைவி மிவாகோ அக்கா எங்களுக்கு ஒரு வருஷம் மூத்தவர். ஜெலகாத் என்ற பெயர் எங்கள் வாயில் நுழையாததால் எல்லோரும் அவளை ஜெலா என்று கூப்பிட்டோம்.

வந்த புதிதில் அவளுக்கு மொழி தெரியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசிரியர்களும் அவளை எதுவும் கேட்க மாட்டார்கள். நன்றி, மன்னிக்கணும், சரிங்க சார், இந்த மூன்றையும் இவாகிரி சார் முதல் வாரமே கற்றுக்கொடுத்திருந்தார். ஓடுகிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

முதல் வருஷம் நவம்பர் மாதம் மாகாணப் போட்டி. அதற்கு முந்தைய வாரம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேச வழக்கமாகக் கிடைக்கும் அனுமதியை சார் ரத்து செய்தார். போட்டி முடியும்வரை யாரும் யாரோடும் பேச வேண்டாம், கவனம் சிதறும் என்றார். நாங்கள் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிட்டோம். போட்டியில் ஜெலா அன்றைக்கு எல்லோரையும்விட வேகமாக ஓடினாள். இருந்தும் கடைசிக் கட்டத்தில் மியசாகி நகரத்துப் பள்ளி எங்களை முந்திவிட்டது. இரண்டாவது இடம்.

அன்று மாலை விடுதி வராந்தாப் போனில் ஜெலா வீட்டுக்குப் பேசினாள். நான் பக்கத்துக் குழாயடியில் ஷூ கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினாள். திடீரென்று ரிசீவர் கையிலிருந்து நழுவி ஒயரில் தொங்கியது.

போனில் பேசியது அவள் தம்பி கிப்டூ. அவன் சொன்னதை அவள் எனக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்கு மொழி கற்க இன்னும் பல மாதங்கள் ஆயின. அவள் அம்மா போட்டிக்கு முந்தைய வாரமே இறந்துவிட்டார். வயிற்றில் ஏதோ கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கமும் ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய அடி ஒன்றையும் கிப்டூ சொன்னான்.

"உனக்குத் தெரியும்னு சொன்னாங்களே. ஓட்டம்தான் முக்கியம், வரமாட்டேன்னு நீயே சொன்னியாமே. இனிமே உன் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டார்."

மறுநாள் ஜெலா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலுக்குப் போனாள். சார் வெளியே வந்தார். அவளிடம் இருந்த சொற்களையெல்லாம் கூட்டி அவள் கேட்டாள்.

"சார். அம்மா. தெரியும்? முன்னாடி தெரியும்?"

சார் மழுப்பவில்லை. அதற்காக மட்டும் அவரை நான் மெச்சுகிறேன்.

"தெரியும். சொல்லியிருந்தா நீ கிளம்பியிருப்ப. நீ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இங்க இத்தனை பேரோட உழைப்பு வீணாப் போயிருக்கும். உங்கம்மா இருந்திருந்தா ஓடுன்னுதான் சொல்லியிருப்பாங்க."

பாதிதான் அவளுக்குப் புரிந்தது. ஆனால் தெரியும் என்ற முதல் சொல் நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கு ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். பொய் என்பதற்கு அவளுக்கு அன்று வார்த்தை தெரியாது. உதடு மட்டும் அசைந்தது. சார் என்னைப் பார்த்து, இவளைக் கூட்டிக்கொண்டு போ என்று சைகை காட்டினார். அப்போது அவள், கற்றுக்கொடுத்த பழக்கத்தில், இடுப்பு வளையக் குனிந்து சொன்னாள்.

"ரொம்ப நன்றி சார்."

அம்மாவின் சாவை மறைத்தவனுக்கு நன்றி சொன்னோம் என்பதுதான் அவளைத் தின்றது. பிற்காலத்தில் எத்தனையோ பேசியிருக்கிறோம். அம்மாவை நினைத்து அவள் அழுது நான் பார்த்திருக்கிறேன். அந்த நன்றியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் பல்லைக் கடிப்பாள்.

அதற்குப் பிறகுதான் அவள் படிக்க ஆரம்பித்தாள். வகுப்பில் முதல் பெஞ்சுக்கு மாறினாள். சாப்பாட்டு அறை டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் எதிரில் நின்று அவள் சொல்வதை அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொன்னாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஆறேழு மாதத்தில் சிரிப்பு நின்றுபோனது. மிசோ சூப்பை உறிஞ்சிக்கொண்டே அவள் எங்கள் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கியிருந்தாள். மியசாகிக் கொச்சையில் நான் ஏதாவது கேட்டால் தலைநகரத்து மொழியில் பதில் வரும். வெளிநாட்டுப் பெண்ணை எப்படிப் பழக்கியிருக்கிறார் பாருங்கள் என்று ஊரில் இவாகிரி சாரைத்தான் பாராட்டினார்கள். அவரும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டார்.

என்னிடம் அவள் கேட்டதெல்லாம் மரியாதைப் பேச்சு. பெரியவர்கள் முன்னால், மேடையில், எப்படிப் பேச வேண்டும் என்று துளைத்தெடுப்பாள். செத்துப்போனாங்க என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் கேட்டாள். காலமானார் என்று சொல்லிக்கொடுத்தேன். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கு என்ன சொல் என்று இன்னொரு நாள் கேட்டாள்.

"எதுக்குடி இதெல்லாம்?" என்றேன்.

"அவர் சாதாரண ஆள் இல்ல தோமொயோ. ஊரே கும்பிடுற ஆள். நான் தப்பும் தவறுமா பேசினா, பாவம் அந்தப் பொண்ணுக்கு மொழி சரியா வராதுன்னு சொல்லித் தப்பிச்சிடுவாங்க. ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம். என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

வீட்டுக்கு அந்தப் பொய் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. விடுதியைப் பார்த்துக்கொண்ட ஹமசுனா அம்மாதான் சொன்னார். ஜெலாவை அழைத்து வந்த டோக்கியோ ஏஜென்ட் அவள் அம்மா இறந்த செய்தியோடு போன் செய்தபோது எடுத்து சாரிடம் கொடுத்தது அவர். அவளுக்குச் சொல்லிவிட்டோம், அம்மா நினைவாக ஓடப்போகிறாளாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள் என இவாகிரி சார் பேசியதை, அரிசி கழுவிக்கொண்டே அவர் காதால் கேட்டிருக்கிறார். அம்மா நினைவாக என்றது பல வாய் மாறி மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஓட்டம்தான் முக்கியம் என்று ஆகியிருந்தது. ஒரு வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டு சரியாகத் தூங்கவில்லை என்றார் ஹமசுனா அம்மா. ஜெலா அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கேட்டால் இதை எல்லோர் முன்னாலும் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். ஹமசுனா அம்மா, சொல்றேன் என்றார்.

இரண்டாம் வருஷம் போட்டி நெருங்கியது. எப்போதும் ஜெலாவுக்கு இரண்டாவது கட்டம், மிவாகோ அக்காவுக்குக் கடைசிக் கட்டம். எல்லைக் கோட்டை முதலில் தாண்டுகிறவளிடம்தான் உள்ளூர் டிவி மைக்கை நீட்டும். நேரடி ஒளிபரப்பு. ஜெலா சாரிடம் போய்க் கடைசிக் கட்டத்தைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டாள். போன வருஷம் கடைசியில்தானே தோற்றோம் என்று எடுத்துச் சொன்னாள். சாருக்கு அது நியாயமாகப் பட்டது.

மிவாகோ அக்காவுக்குப் பள்ளியில் அது கடைசி வருஷம். எல்லைக் கோட்டை முதலில் தாண்டிக் கியோட்டோ போக வேண்டும் என்பதற்காக மூன்று வருஷமாகப் பசியோடு படுத்த பெண். அன்று இரவு அவர் குளியல் தொட்டிக்குள் முகத்தை முக்கிக்கொண்டு அழுதது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று ஜெலாவிடம் கெஞ்சினேன். சொன்னால் சாருக்குப் போய்விடும் என்று மறுத்துவிட்டாள்.

போட்டியன்று கடைசிக் கட்டத்துக்குப் பட்டை வந்து சேர்ந்தபோது நாங்கள் நான்காவது இடத்தில்தான் இருந்தோம். ஜெலா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடியதை நான் சாலையோரம் நின்று பார்த்தேன். முன்னால் போன மூன்று பேரையும் முந்தியபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்துக்குள் தனியாக நுழைந்தாள். இவாகிரி சார் குழந்தை மாதிரி அழுதார். இத்தனை வருஷக் கனவு. எல்லைக் கோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நின்றார். டிவிக்காரர் இந்த வெற்றியை யாருக்குச் சமர்ப்பிக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஜெலா மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு செய்தி வாசிக்கும் குரலில் சொன்னாள்.

"இந்த வெற்றியை இவாகிரி ஆசிரியர் அவர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன். சென்ற ஆண்டு இதே போட்டிக்குச் சில நாட்கள் முன்பு என் தாயார் காலமானார். ஆசிரியர் அவர்கள் அதை அறிந்திருந்தார்கள். நான் ஓட வேண்டும் என்பதற்காக எனக்குத் தெரிவிக்காமல் இருந்தார்கள். நான் அறிந்தும் வர விரும்பவில்லை என்று என் தந்தையாருக்குத் தெரிவிக்கச் செய்தார்கள். என் தந்தையார் அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. இதை அனைவர் முன்னிலையிலும் சொல்ல இந்த ஒலிவாங்கி எனக்குத் தேவைப்பட்டது. அதற்காகவே இன்று ஓடினேன்."

சொல்லிவிட்டு அவரைப் பார்த்துத் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்தாள். அவர் கை அவள் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. ஒளிபரப்பை வெட்ட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உடை மாற்றும் அறையில் மிவாகோ அக்கா ஜெலாவை ஓங்கி அறைந்தார். உன் பழிக்கு எங்களை ஏன் பலி கொடுத்தாய் என்று கத்தினார். ஜெலா கன்னத்தைத் தடவவில்லை.

"இன்னும் அடிக்கணும்னா அடிங்கக்கா. உங்க கோபம் நியாயம். ஆனா மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

பள்ளி நிர்வாகம் அவள் எதிர்பார்த்ததையே செய்தது. வெளிநாட்டு மாணவிக்கு மொழி சரியாகப் புரியாததால் வந்த குழப்பம் என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கையைப் படித்து மாகாணமே சிரித்தது. அவள் பேசியதைக் கேட்டவர்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே இப்படிப் பேச வராதே என்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஹமசுனா அம்மா எழுந்து, போன் வந்ததையும் தான் கேட்டதையும் சொன்னார். அடுத்த மாதம் அவர் வேலை போனது. இவாகிரி சார் ராஜினாமா செய்தார். பள்ளி கியோட்டோவுக்குப் போகாமல் ஒதுங்கிக்கொண்டது. இரண்டாவதாக வந்த பள்ளி போனது. மிவாகோ அக்கா அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

இவாகிரி சார் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் மாலை இனிப்புப் பெட்டியோடு விடுதிக்கு வந்து, வரவேற்பறைத் தரையில் மண்டியிட்டு ஜெலாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பெட்டியைத் தொடவில்லை.

"என்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது? எங்கப்பாகிட்ட கேளுங்க. எங்க மொழியில கேளுங்க. நான் சொல்லித் தர்றேன்."

பத்து வாரம் அவர் வந்தார். நாண்டி மொழியில் நான்கைந்து வாக்கியங்கள். அவர் நாக்கில் அது புரளவில்லை. அவள் விட்டுக்கொடுக்கவும் இல்லை. திரும்ப, திரும்ப என்று மைதானத்தில் அவர் எங்களிடம் சொன்ன அதே தொனியில் அவள் சொல்வது வராந்தாவில் கேட்கும். வேர்த்து வடிந்துகொண்டு வெளியே வருவார். எனக்கே ஒரு கட்டத்தில் பாவமாக இருந்தது. அவளிடம் சொன்னேன். பாவப்படுகிறவர்கள் அவருக்கு நிறைய இருக்கிறார்கள், என் அப்பாவுக்கு யாருமில்லை என்றாள்.

பதினோராவது வாரம் போன் போட்டார்கள். கிப்டூ அப்பாவை இழுத்து வந்து ரிசீவரைக் காதில் வைத்தான். இவாகிரி சார் அந்த வாக்கியங்களைச் சொன்னார். உங்கள் மகளுக்குத் தெரியாது. மறைத்தது நான். பொய் சொன்னதும் நான். என்னை மன்னிக்க வேண்டாம், அவளோடு பேசுங்கள். பிறகு அப்பா ஏதோ கேட்டார். ஜெலா ரிசீவரை வாங்கிப் பதில் சொன்னாள். மறுபடியும் அவர் ஏதோ சொன்னார். அவள் சாரிடம் ரிசீவரை நீட்டினாள்.

"அந்த ஆள் அழறாரான்னு கேட்டார். இல்லைன்னு சொன்னேன். அப்ப இன்னொரு தடவை சொல்லச் சொல்றார்."

இன்னொரு தடவை சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தடவை. கடைசியில் குரல் உடைந்தது. அப்பா மகளோடு பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். மாடு கன்று போட்டதையும் மழை பிந்தியதையும் பேசினாராம். மன்னிப்பு என்ற சொல் இரண்டு பக்கமும் வரவில்லை என்றாள்.

அதோடு அவள் ஆத்திரம் அடங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நடந்த பிறகு பள்ளி அவளை வெளியேற்றத் துணியவில்லை. படித்து முடித்தாள். ஃபுகுவோகாவில் ஒரு கம்பெனி அணிக்குச் சில வருஷம் ஓடினாள். முழங்கால் போனதும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தாள். ஏன் இங்கேயே வந்தாய் என்று கேட்டால், இந்த ஊரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்பாள். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பயிற்றுநர் தேர்வில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினாள். ஊரில் பாதி இளசுகள் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள். என் பியூட்டி பார்லருக்கு மாதம் ஒரு தடவை வருவாள். அவள் சுருள் முடியைச் சீவிப் பின்ன நான் தனியாகக் கற்றுக்கொண்டேன்.

எழுபது வயதானவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க அந்தப் பள்ளியில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். போன வருஷம் இளவேனிலில் அதற்கு வந்தவர்களில் இவாகிரி சாரும் ஒருவர். ராஜினாமாவுக்குப் பிறகு மைத்துனர் கடையில் டிராக்டர் விற்றுப் பிழைத்தவர். முதுகு கூனிவிட்டது. வேறு பயிற்றுநர்கள் இருந்தார்கள். ஜெலா அவரைத் தானே எடுத்துக்கொண்டாள்.

அவர் நடுங்கிப்போய்விட்டாராம். ஒரு வளைவில் பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறியது. ஒரு நிறுத்தக் கோட்டைச் சற்றுத் தாண்டி நின்றார். ஓட்டிக் காட்டி முடித்ததும் ஜெலா அதே செய்தி வாசிக்கும் மொழியில், தங்கள் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் கருதி லைசென்ஸைத் திருப்பி ஒப்படைப்பது பற்றித் தாங்கள் யோசிக்கலாம் என்றாள். முடிவு அவர் கையில்தான். ஆனால் அவள் சொன்னதைக் கூடத்தில் காத்திருந்த அவர் மனைவியிடமும் சொன்னாள். மனைவி பயந்துபோய், அன்றிலிருந்து நச்சரித்து, மாதம் முடிவதற்குள் லைசென்ஸைக் கொடுக்க வைத்துவிட்டார். எங்கள் ஊரில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன் மாதிரி. மருந்து வாங்கக்கூட நாளுக்கு இரண்டு முறை வரும் பஸ்ஸுக்காக நிற்க வேண்டும்.

இதை அவள் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னபோது, நிஜமாகவே அவ்வளவு மோசமாகவா ஓட்டினார் என்று கேட்டேன்.

"கோட்டைத் தாண்டினது நிஜம். சக்கரம் ஏறினது நிஜம்." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "வேற கிழவரா இருந்தா, பாத்து ஓட்டுங்க தாத்தான்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

"உனக்கு இன்னும் போதலையா?"

"போதல."

நான் சீப்பை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மிவாகோ அக்காவின் மகள் போன மாதம் ஜெலாவிடம் கார் பழகச் சேர்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம். சாலைப் பயிற்சியில் பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் இவர்கள் வண்டியைக் கண்டதும் எழுந்து தலை வணங்கியிருக்கிறார். யார் அது என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

"என்னோட வாத்தியார்," என்றாளாம் ஜெலகாத். "நீ கண்ணாடியைப் பாரு. பின்னாடி லாரி வருது."